கன்சோலுக்குப் பதில் கிளவுட்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கன்சோல் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், டவுன்லோடு முடியும்வரை கொட்டாவி விட வேண்டாம். ஒரு திரையும் ஓரளவு நல்ல இணைய இணைப்பும் இருந்தால் போதும், எந்தப் பெரிய ஆட்டத்தையும் ஆடலாம். இதற்குப் பெயர் கிளவுட் கேமிங்: ஆட்டம் எங்கோ இருக்கும் சர்வரில் ஓடும், உங்கள் திரைக்கு அதன் வீடியோ மட்டும் வரும். கேட்கும்போதெல்லாம் புதிதாகத் தோன்றும் இந்த வாக்குறுதிக்கு வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் ஸ்டீவ் பெர்ல்மனின் ஆன்லைவ் நிறுவனம் இதைத்தான் சொன்னது. அடுத்த வருடம் சேவையைத் தொடங்கியது, 2012இல் பணமில்லாமல் தள்ளாடியது, 2015 ஏப்ரலில் கடையை மூடியது. அதன் காப்புரிமைகளை வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? பிளேஸ்டேஷன் விற்கும் சோனி. அதற்கு முன்பே, 2012இல், கைகாய் என்ற இன்னொரு கிளவுட் கேமிங் நிறுவனத்தையும் 38 கோடி டாலர் கொடுத்துச் சோனி வாங்கியிருந்தது. கன்சோலை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் கடைசியில் கன்சோல்காரர் வீட்டிலேயே குடியேறினார்கள்.

அப்புறம் கூகுள் வந்தது. 2019 மார்ச்சில் தன் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியாவை அறிவித்தபோது, அதன் ஒவ்வொரு சர்வர் கிராஃபிக்ஸ் சிப்பும் 10.7 டெராஃப்ளாப்ஸ் (சிப் கணக்குப் போடும் வேகத்தின் அளவு) என்றார்கள். அன்றைய பிளேஸ்டேஷன் 4 ப்ரோவையும் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸையும் கூட்டினாலும் அதைவிடக் குறைவுதான். இனிமேல் யாரும் பெட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், எல்லாம் எங்கள் பக்கத்தில் தானாக வளரும் என்பது பேச்சு. 2020 நவம்பரில் 12 டெராஃப்ளாப்ஸ் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் கடைக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் தன் சொந்த கேம் ஸ்டூடியோக்களை மூடியது. 2023 ஜனவரி 18இல் ஸ்டேடியாவே போய்விட்டது.

ஏன் தோற்றது என்று கேட்டால் பெரும்பாலோர் ‘லேக்’ என்று, அதாவது பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே விழும் தாமதம் என்று, ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் லேக்கைப் புரிந்துகொள்ளாமல் அங்கே போக முடியாது.

ஜம்ப் பட்டனை அழுத்துகிறீர்கள். அந்தச் செய்தி வைஃபையில் ரவுட்டருக்குப் போய், ஃபைபர் ஏறி, எங்கோ இருக்கும் டேட்டா சென்டரை அடைகிறது. அங்கே ஆட்டம் அதை வாங்கி அடுத்த ஃபிரேமை, அதாவது திரையில் தெரியவேண்டிய அடுத்த படத்தை, வரைகிறது. வரைந்ததை வீடியோவாகச் சுருக்கி, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. உங்கள் டிவியோ போனோ அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட் ஆகும். செகண்டுக்கு 60 ஃபிரேம் காட்டும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லி செகண்ட். தூரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒரு ஃபிரேம்கூட நஷ்டமில்லை. ஆனால் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் நிற்கும் ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், சுருக்கவும் விரிக்கவும் நேரம் வேண்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொந்தக் கன்சோலிலும் தாமதம் பூஜ்யம் இல்லை. 30 ஃபிரேமில் ஓடும் ஆட்டங்களில் பட்டனுக்கும் திரைக்கும் நடுவே 100 மில்லி செகண்ட் போவது சாதாரணம்; டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட மறந்தால் இன்னும் ஏறும். ஆகவே 120 ஃபிரேம் ஓட்டும் வலுவான சர்வர் பக்கத்து ஊரிலேயே இருந்தால், அது வீட்டில் 30 ஃபிரேமில் ஓடும் கன்சோலை முந்துவதும் நடக்கும். கிளவுட் என்றாலே லேக் என்று ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சீரான தாமதத்துக்குக் கை பழகிவிடும். பழகாதது ஏற்ற இறக்கம். பள்ளங்களைத் தாவித் தாவிக் கடக்கும் ஒரு பிளாட்ஃபார்மர் ஆட்டத்தைப் பல வாரம் கிளவுடிலேயே ஆடினேன். முதல் இரண்டு நாள் பள்ளத்தில் விழுந்து, மூன்றாம் நாள் விரல் தானாகக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தக் கற்றுக்கொண்டது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து அறையில் யாராவது போனிலிருந்து வீடியோக்களை பேக்கப் எடுக்கத் தொடங்கினால் எனக்கு இங்கே தெரிந்துவிடும். ஆள் விளிம்பில் நின்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். அதற்குள் விளிம்பு போயிருக்கும். ரவுட்டரிலிருந்து வெளியேறும் வரிசையில் என் பட்டன் அந்த வீடியோக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். டேட்டா சென்டர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் இதற்குக் கிளவுட் நிறுவனத்தார் பொறுப்பேற்க முடியாது, ஆனால் திட்டு அவர்களுக்குத்தான் விழும்.

“ஆன்லைன் ஆட்டங்களை 40 பிங்கில் (சர்வருக்குப் போய்வர 40 மில்லி செகண்ட்) ஆடுகிறோமே, கிளவுடில் மட்டும் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. சொந்தக் கருவியில் ஆன்லைன் ஆட்டம் ஆடும்போது, நீங்கள் இடப்பக்கம் தள்ளினால் உங்கள் ஆள் உங்கள் திரையில் அந்தக் கணமே இடப்பக்கம் நகர்வான். சர்வர் சம்மதம் சொல்வதற்கு முன்பே உங்கள் கருவி ஊகித்து நகர்த்திவிடுகிறது. ஊகம் தப்பினால் பிறகு ஓசையில்லாமல் திருத்திக்கொள்கிறது. சண்டை ஆட்டங்களில் இதை இன்னும் நேர்த்தியாக, ஃபிரேம்களைப் பின்னால் சுருட்டி மறுபடி ஓட்டிச் செய்வார்கள். அந்த 40 மில்லி செகண்டை ஒளித்து வைக்கும் கண்கட்டு வித்தை நடப்பது உங்கள் பெட்டிக்குள். கிளவுடில் உங்கள் பக்கம் இருப்பது வெறும் வீடியோ. ஒளித்து வைக்க இடமே இல்லை. 40 என்றால் முழு 40உம் கண்ணில் படும்.

ஊகிக்கும் வேலையைச் சர்வரிலேயே செய்தால் என்ன என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு 2014இல் முயன்று பார்த்தது. ஆடுபவர் அடுத்து என்னவெல்லாம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே பல ஃபிரேம்களை வரைந்து அனுப்பிவிட வேண்டும். அவர் அழுத்துவதற்கு ஏற்றதை மட்டும் காட்ட வேண்டும். டூம் 3, ஃபேபிள் 3 ஆட்டங்களில் 250 மில்லி செகண்ட் தாமதத்தைக்கூட மறைத்துக் காட்டினார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் ஒருவர் பார்க்கும் ஒரு ஃபிரேமுக்குச் சர்வர் பல ஃபிரேம் வரைய வேண்டும், அனுப்ப வேண்டிய டேட்டாவும் அதற்கேற்ப வீங்கும். லேக்கைக் குறைக்கும் வழிகள் பலவும் இப்படித்தான் சர்வர் பக்கச் செலவில் போய் முடிகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் தரம் பற்றிக் கொஞ்சம். 1080பி, 60 ஃபிரேம் படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் செகண்டுக்குக் கிட்டத்தட்ட 3 ஜிகாபிட் வேண்டும். என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் அதற்குக் கேட்பது 25 மெகாபிட். 120 பங்கை ஒரு பங்காகப் பிழிகிறார்கள். சினிமா ஸ்ட்ரீமிங்கிலும் பிழிகிறார்களே என்றால், சினிமாவுக்கு அவகாசம் உண்டு. மணிக்கணக்கில் உட்கார்ந்து சுருக்கலாம், வரப்போகும் ஃபிரேமைப் பார்த்து இப்போதைய ஃபிரேமைச் சிக்கனப்படுத்தலாம், அரை நிமிடப் படத்தை முன்கூட்டியே உங்கள் கருவியில் இறக்கி வைக்கலாம். ஆட்டத்தில் அடுத்த ஃபிரேம் என்ன என்பது நீங்கள் அழுத்திய பிறகுதானே பிறக்கிறது? எதை முன்கூட்டி இறக்குவது?

இதன் விளைவை ஒரு புல்வெளியில் பார்க்கலாம். அசையாமல் நின்றால் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரியும், கன்சோலில் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஓடத் தொடங்குங்கள், புல்லெல்லாம் குழைந்து பச்சைப் பாசியாகிவிடும். நின்றதும் அரை செகண்டில் மறுபடி புல்லாகும். மழை, பறக்கும் காகிதத் துண்டுகள், இருட்டில் படரும் புகை, இவையெல்லாம் சுருக்கியின் பரம விரோதிகள். பத்து நிமிடம் கழித்து நான் இதைக் கவனிப்பதை விட்டுவிட்டேன் என்பதும் உண்மை. ஆனால் டேட்டாவைக் கவனிக்காமல் இருக்க முடியாது. 25 மெகாபிட் என்றால் மணிக்கு 11 ஜிபிக்கு மேல். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் 675 ஜிபி. பெரிய ஆட்டம் ஒன்றை ஒரே தடவை டவுன்லோடு செய்ய 100, 150 ஜிபி ஆகும் என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

சரி, நான் முக்கியம் என்று சொன்ன மீதிப் பாதிக்கு வருகிறேன்.

கிளவுட் கேமிங்கை ஆதரிப்பவர்கள் அடிக்கடி மின்சாரத்தை உவமை சொல்வார்கள். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டரா வைத்திருக்கிறோம்? ஒரு மின்நிலையம் ஊருக்கே போதும் அல்லவா? படம், பாட்டு எல்லாம் ஸ்ட்ரீமிங்குக்கு மாறிவிட்டதே, ஆட்டம் மட்டும் என்ன விதிவிலக்கு? உவமை அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. ஒரு படத்தின் கோப்பு ஒன்று. அதைப் பத்தாயிரம் பேர் பார்த்தால் அதே கோப்பைப் பத்தாயிரம் தடவை அனுப்புகிறார்கள். அது நகல் எடுக்கும் வேலை. ஆட்டத்தில் பத்தாயிரம் பேர் இருந்தால் பத்தாயிரம் வெவ்வேறு படங்களை அந்தந்தக் கணத்தில் வரைய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு கிராஃபிக்ஸ் சிப்போ அதன் ஒரு பெரிய துண்டோ, அவர் எழுந்து போகும்வரை, ஒதுக்கப்பட்டே இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் சேவை 2020இல் தொடங்கியபோது டேட்டா சென்டர்களில் வைத்தது எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கன்சோலின் உள்பாகங்களைத்தான். 2021இல் அவற்றைச் சீரீஸ் எக்ஸ் பாகங்களுக்கு மாற்றியது. உங்கள் வரவேற்பறையில் இல்லாத கன்சோல் அங்கே இருக்கிறது. வாங்கிய செலவு, மின்சாரச் செலவு, குளிரூட்டும் செலவு எல்லாவற்றோடும்.

ஒரே பெட்டியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தினால் கணக்கு சரியாகும். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், இரவில் ஒருவர். நிஜத்தில் என்ன நடக்கிறது? எல்லோரும் வேலை, படிப்பு முடித்து மாலையில்தான் உட்காருகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குத் திருவிழாக் கூட்டம், காலை பத்து மணிக்கு ஈ ஓட்டல். உலகின் ஒரு பக்கம் இரவென்றால் மறுபக்கம் பகல்தானே, அங்கே சும்மா இருக்கும் பெட்டிகளை இங்கே கொடுக்கலாமே என்று தோன்றும். முடியாது, ஏனென்றால் தூரம். 10,000 கிலோமீட்டருக்கு ஃபைபரில் போய்வர மட்டும் 100 மில்லி செகண்ட். லேக் குறைய வேண்டுமானால் சர்வர் ஆடுபவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் அதைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் அது வேண்டும். பகிர்ந்துகொள்வதில் கிடைக்க வேண்டிய லாபத்தை இயற்பியலே பிடுங்கிக்கொள்கிறது. லேக்கும் செலவும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று பேசுவது வழக்கம். என் கணிப்பில் இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

உச்ச நேரத்துக்கு ஏற்றபடி பெட்டி வாங்கி வைத்தால் மற்ற நேரம் அவை சும்மா கிடக்கும். குறைவாக வாங்கி வைத்தால் ஆடுபவர் வரிசையில் நிற்பார். ஜிஃபோர்ஸ் நவ்வின் இலவசத் திட்டத்தில் வரிசையில் நின்று, முறை வந்தபின் ஒரு மணி நேரம்தான் ஆடலாம். பணம் கட்டிப் புதிதாகச் சேர்பவர்களுக்கும் 2025 ஜனவரியிலிருந்து மாதம் 100 மணி நேரம் என்று உச்சவரம்பு வந்தது. பெரும்பான்மையோர் அதைத் தொடவே மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரம்பு யாருக்காக வந்தது என்று யோசியுங்கள். தினம் நான்கு மணி நேரம் ஆடுபவருக்காக. பெட்டி வாங்கினால் அதன் விலைக்கு முழுப் பயனும் எடுப்பவர் அவர்தான். கிளவுட் நிறுவனத்துக்கு அதிக நஷ்டம் வைப்பவரும் அவர்தான். மாதம் ஐந்து மணி நேரம் ஆடுபவரால் நிறுவனத்துக்கு லாபம், ஆனால் அவர் இரண்டாம் மாதமே “எங்கே ஆடுகிறேன்?” என்று சந்தாவை நிறுத்திவிடுவார். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையும் அடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவின் கட்டணம் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே தாவலில் 50 சதவீதம் ஏறியதற்குக் காரணம் கிளவுட் மட்டுமல்ல, அந்தச் சந்தாவில் இன்னும் என்னென்னவோ இருக்கிறது. இருந்தாலும், சந்தா என்பது ஒரே விலையில் நிற்கும் பொருள் அல்ல என்பதை அது காட்டியது.

இப்போது இதில் ஏஐயும் சேர்ந்துகொண்டது. டேட்டா சென்டரின் இடத்துக்கும் மின்சாரத்துக்கும் மெமரி சிப்புக்கும் கேமிங்கைவிடப் பெரிய கையோடு ஏலம் கேட்க ஆள் வந்தாயிற்று. 2025 கடைசியில் மெமரி விலை கிடுகிடுவென ஏறியதற்கு அதுதான் காரணம். கன்சோல் விலை ஏறினால் கிளவுடுக்கு ஆதாயம் என்று சிலர் சொல்கிறார்கள். சர்வரிலும் அதே மெமரிதானே இருக்கிறது?

உரிமைப் பிரச்சினை தனிக் கதை. 2020இல் ஜிஃபோர்ஸ் நவ் முழுச் சேவையாகத் திறந்த சில வாரங்களிலேயே ஆக்டிவிஷன் பிளிசார்ட், பெதஸ்டா என்ற ஆட்டப் பதிப்பாளர்கள் இருவரும் தங்கள் ஆட்டங்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆட்டம்தான், வேறு இடத்தில் இருக்கும் கணினியில் ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ஆனாலும் பதிப்பாளர் முடியாது என்றால் முடியாது. கிளவுட் உரிமை எவ்வளவு கனமான சொத்து என்பது 2023 ஏப்ரலில் தெரிந்தது. ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்குவதைப் பிரிட்டனின் போட்டி ஆணையம் தடுத்து நிறுத்தியது கிளவுட் கேமிங்கைக் காரணம் காட்டித்தான். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருக்கும் ஆக்டிவிஷன் ஆட்டங்களுக்கும் அடுத்த 15 வருடத்தில் வரும் ஆட்டங்களுக்குமான ஸ்ட்ரீமிங் உரிமையை யூபிசாஃப்ட் என்ற இன்னொரு பதிப்பாளருக்குக் கொடுத்த பிறகே அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

மூடும்போது ஸ்டேடியா நாகரிகமாகத்தான் நடந்துகொண்டது: வாங்கிய ஆட்டங்களுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கம்பியில்லாமல் ஆட வைஃபையை மட்டும் நம்பியிருந்த கன்ட்ரோலரை ப்ளூடூத்துக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. அடுத்து மூடப்போகும் நிறுவனம் அப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. சொந்தப் பெட்டியும் முழுக் காப்பு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வர்கள் 2024 மார்ச் 31இல் நின்றபோது, டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியாமல் போனது. மாட் போட்டு ஆட்டத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி ஆடுபவர்களுக்குக் கிளவுடில் பெரும்பாலும் வேலையில்லை. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

எங்கே வேண்டுமானாலும் ஆடலாம் என்பது கிளவுடின் இன்னொரு வாக்குறுதி. அதற்கும் வன்பொருளே பதில் சொல்லிவிட்டது. 2017இல் வந்த, கையில் எடுத்துப்போகும் கன்சோலான நின்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியில் பெரிய பிசி ஆட்டங்களை இணையமே இல்லாமல் கையில் வைத்து ஆடலாம். ஐபோனில் கிளவுட் கேமிங் ஆப்களை ஆப்பிள் அனுமதித்தது 2024 ஜனவரியில்தான். அதுவரை பிரவுசர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், சோனி 2023இல் விட்ட பிளேஸ்டேஷன் போர்டல் ஸ்ட்ரீமிங்குக்கென்றே செய்த கைக்கருவி, ஆனால் முதல் ஒரு வருடம் அது வீட்டிலிருக்கும் உங்கள் சொந்தப் பிளேஸ்டேஷன் 5இலிருந்துதான் ஸ்ட்ரீம் செய்தது. கிளவுடிலிருந்து ஆடும் வசதி 2024 நவம்பரில் சோதனையாக வந்தது.

அப்படியென்றால் கிளவுட் வீணா? இல்லை. கதை ஆட்டங்கள், முறை வைத்து ஆடும் வியூக ஆட்டங்கள், மாதத்தில் சில மணி நேரம் மட்டும் ஆடுபவர், பழைய லேப்டாப் தவிர வேறொன்றும் இல்லாதவர், இவர்களுக்கு அது இன்றே போதும். முதல் பெட்டியின் இடத்தைப் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. இரண்டாவது பெட்டி வாங்கும் தேவையை ஒழித்துவிடும். படத்தை அனுப்பாமல் தரவை மட்டும் அனுப்பும் வழியும் இருக்கிறது. 2020இன் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், 2 பெட்டாபைட்டுக்கு (20 லட்சம் ஜிபி) மேற்பட்ட பூமியின் வரைபடத் தரவைக் கிளவுடில் வைத்துக்கொண்டு, பறக்கும் இடத்துக்கு வேண்டியதை மட்டும் இறக்கி, வரையும் வேலையை உங்கள் கருவியிடம் விட்டது. விமானத்தைத் திருப்பினால் உடனே திரும்பும், லேக் இல்லை. ஆனால் 2024 நவம்பரில் அதன் அடுத்த பதிப்பு வெளியான அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தார்கள். சர்வர்கள் திணறின, பலருக்கு ஆட்டம் லோடாவது பாதியில் நின்றது, தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடி அதே உச்ச நேரம்.

நான் இப்போது இரண்டையும் கலந்துதான் ஆடுகிறேன். புதிய ஆட்டம் ஒன்றை டவுன்லோடு போட்டுவிட்டு, அது இறங்கும்வரை கிளவுடில் தொடங்கிவிடுவேன். பிடிக்கவில்லை என்றால் டவுன்லோடை நிறுத்திவிடலாம். பாதி ஆட்டங்களுக்கு அதுதான் கதி. பிடித்துவிட்டால், இறங்கி முடிந்ததும் ஸ்ட்ரீமை மூடிவிட்டு அதே சேவ் கோப்பை என் பெட்டியில் திறப்பேன். அந்தப் பிளாட்ஃபார்மரை அப்படித் திறந்தபோது முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். இந்தத் தடவை நான் அழுத்திய கணமே ஆள் குதித்துவிட்டான். விளிம்புக்கு இன்னும் இரண்டடி இருந்தது.